மணலிலிருந்து ஒரு காது

குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற பெண்களின் நெற்றியையும், குளித்துவிட்டுத் திரும்புகிறவர்களின் நெற்றியையும் கவனித்திருக்கிறீர்களா? போகும்போது இருந்த ஸ்டிக்கர் பொட்டு வரும்போது இருக்காது. போன சாரல் சீசனில் வடகரையிலிருந்து என் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். குளித்து முடித்துத் தலை துவட்டும்போது, அருவியில் பிடித்துக்கொள்ளப் போட்டிருக்கும் கம்பியைக் காட்டினாள். யாருடைய பொட்டோ, சிவப்பாக அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"சித்தி, நெத்தியில நிக்காத பொட்டு கம்பியில மட்டும் எப்படி நிக்கு?"

"கம்பிக்கு வேர்க்குமா ஏட்டி? எண்ணெய் வடியுமா? நெத்திக்கு ரெண்டும் உண்டுல்லா."

தோலில் எந்நேரமும் கொஞ்சம் எண்ணெய் ஊறிக்கொண்டே இருக்கிறது. அது பசைக்கும் தோலுக்கும் நடுவே புகுந்துவிடும். வியர்வையும் சேர்ந்தால் பசை பிடி விட்டுவிடும். இதைச் சொல்லிவிட்டு, "இந்த மாதிரிப் பசையை நம்பித்தான் சிலர் ஒரு காதையே ஒட்டிக்கிட்டு வெளியே போறாங்க, தெரியுமா?" என்றேன். துவட்டிக்கொண்டிருந்த துண்டோடு அப்படியே நின்றுவிட்டாள். வீடு வந்து சேரும்வரை கேள்விகள்தான். அவளுக்குச் சொன்னதையெல்லாம் இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

சிலர் காதோ மூக்கோ சரியாக வளராமலே பிறக்கிறார்கள். சிலர் விபத்திலோ தீயிலோ இழந்துவிடுகிறார்கள். புற்றுநோய் வந்தால் உயிரைக் காப்பாற்ற மருத்துவர்கள் மூக்கையே எடுத்துவிட வேண்டியிருக்கும். 2021-இல் கொரோனாவின் பின்னாலேயே கருப்புப் பூஞ்சை நோய் வந்ததை வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்த மே மாதத்தில்தான் தமிழ்நாடு அரசு, இந்த நோய் எங்கே வந்தாலும் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று அறிவித்தது. பிழைத்து வந்தவர்களில் பலர் ஒரு கண்ணையோ மேல்தாடையையோ இழந்திருந்தார்கள்.

தென்காசி பேருந்து நிலையத்தில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். துண்டால் முகத்தைப் பாதி மூடியிருந்தார். டீ வாங்கினார். குடிப்பதற்குச் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். முழு டம்ளரையும் சுவரைப் பார்த்தபடியே குடித்து முடித்தார். அந்த முதுகு இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்த விஷயத்தை இவ்வளவு தேடித் தேடிப் படித்தேன்.

அறுவை செய்து புது மூக்கு வைக்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். தோலை எடுத்துத் திருப்பி மூக்கு செய்யும் வித்தை பழங்கால வைத்தியர் சுசுருதரின் நூலிலேயே இருக்கிறது. நம் நாட்டு வைத்தியர் ஒருவர் நெற்றித் தோலில் மூக்கு செய்த சேதி 1794-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு வந்து, அங்குள்ள மருத்துவர்களே அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் எல்லோருக்கும் அது ஒத்துவராது. கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்த தோல் எளிதில் ஆறாது. வயதானவர்களின் உடம்பு பல அறுவைகளைத் தாங்காது. அவர்களுக்குத்தான் கழற்றி மாட்டும் செயற்கை மூக்கும் காதும்.

டைக்கோ பிராகி என்ற வானியலாளர் 1566-இல் ஒரு வாள் சண்டையில் மூக்கின் ஒரு பகுதியை இழந்தார். வாழ்நாள் முழுக்க உலோக மூக்கைப் பசையால் ஒட்டிக்கொண்டிருந்தார். வெள்ளி மூக்கு என்று ஊரெல்லாம் சொன்னது. 2010-இல் கல்லறையைத் திறந்து எலும்பைச் சோதித்தபோது பித்தளையின் தடயம்தான் கிடைத்தது! முதல் உலகப்போரில் முகம் சிதைந்த வீரர்களுக்காக அன்னா கோல்மன் லேட் என்ற சிற்பி பாரிசில் மெல்லிய செம்புத் தகட்டில் முகமூடிகள் செய்து, ஒவ்வொருவரின் தோல் நிறத்துக்கும் வண்ணம் தீட்டிக் கொடுத்தார். பார்க்க அச்சு அசலாக இருக்கும். ஆனால் சிரித்தால் தகடு சிரிக்காது.

தோலைப் போல வளையும் ஒரு பொருள் 1960 வாக்கில் முகத்துக்கு வந்தது. அதுதான் சிலிகோன். பாப்பா பால் குடிக்கும் பாட்டிலின் ரப்பரைத் தொட்டுப் பாருங்கள், பல பாட்டில்களில் அது சிலிகோன்தான். மணலைக் கரியோடு சேர்த்து மின் உலையில் காய்ச்சி அதிலுள்ள ஆக்சிஜனைப் பிரித்தால் சிலிக்கான் கிடைக்கும். பிறகு வேதியியல் முறையில் சிலிக்கானையும் ஆக்சிஜனையும் மாறி மாறிப் பூப்போலத் தொடுத்து நீண்ட மாலையாக்குகிறார்கள். அந்த மாலைகளின் குவியல்தான் சிலிகோன். மாலைகள் சுருண்டு கிடக்கும், ஆங்காங்கே ஒன்றோடொன்று முடிச்சும் போட்டிருக்கும், அதனால் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். மணலில் இருந்தது காதுக்கு வந்துவிட்டது!

ஒரு காதை எப்படிச் செய்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நம் நாட்டில் இந்த வேலை பெரும்பாலும் பல் மருத்துவக் கல்லூரிகளில் நடக்கிறது. பல்செட் செய்யும் பிரிவில்தான் காதும் மூக்கும் செய்கிறார்கள். முதலில் நல்லாயிருக்கும் மற்றக் காதின் மேல் ஒரு குழைவான மாவை ஊற்றி அச்சு எடுப்பார்கள். அந்த மாவு ஆல்ஜினேட், கடற்பாசியிலிருந்து வருவது. பிறகு மெழுகில் காதைச் செதுக்குவார்கள். வலக்காதைப் பார்த்து இடக்காது செய்ய வேண்டும், கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி. ஒரு மடிப்பு தப்பினாலும் முகம் கோணலாகத் தெரியும். மெழுகுக் காதைச் சுற்றி பிளாஸ்டர் கட்டி, இறுகியதும் சுடுதண்ணீரில் மெழுகை உருக்கி வெளியேற்றுவார்கள். உள்ளே காது வடிவில் ஒரு வெற்றிடம் இருக்கும். சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கிற அதே வழிதான். அங்கே உலோகம் ஊற்றுகிறார்கள், இங்கே நிறம் கலந்த சிலிகோனை அடைக்கிறார்கள்.

நிறம் கலப்பது தனிக் கலை. நோயாளியைச் சன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து மஞ்சள், சிவப்பு, பழுப்பு, ஒரு துளி நீலம் என்று சேர்த்துச் சேர்த்துத் தோலோடு வைத்துப் பார்ப்பார்கள். ரத்தக் குழாய் போலத் தெரிவதற்கு மெல்லிய சிவப்பு நூல் தூசியைக்கூடத் தூவுவார்கள். சாயங்கால வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்படி உங்கள் நண்பரை நிறுத்தி, அவர் காதைப் பாருங்கள். தீக்கங்கு போலச் சிவந்து தெரியும். உயிருள்ள தோல் வெளிச்சத்தை உள்ளே விடும். செய்கிற காதும் அப்படிக் கொஞ்சமாவது வெளிச்சத்தை விட வேண்டும், இல்லாவிட்டால் பொம்மைக் காது ஆகிவிடும்.

கடைசியாக ஓரம். காதும் தோலும் சேரும் இடம் கண்ணுக்குத் தெரியக்கூடாது, அதனால் ஓரத்தை உள்ளி உரித்தால் வரும் சவ்வு போல மெலிதாக்குவார்கள். தினமும் ராத்திரி கழற்றி, சோப்பு போட்டு அலசி, காலையில் மறுபடி ஒட்ட வேண்டும். கழற்றும்போது எது முதலில் கிழியும்? அந்த ஓரம்தான்.

வேறு தொல்லைகளும் உண்டு. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்து உருட்டி எடுக்கிறார்களே, அந்த எண்ணெய்க்கும் சிலிகோனுக்கும் ஆகவே ஆகாது. சிலிகோன் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சினால் ஊதும், நிறம் மங்கும். தோலில் ஊறும் எண்ணெயே போதும் அதற்கு. வெயில் இன்னும் மோசம். சாரல் நாட்களில் காயாத துணியில் கரும்புள்ளி விழுகிறதல்லவா, அதுபோலப் பூஞ்சையும் வந்து குடியேறும். இத்தனையும் சேர்ந்து, அவ்வளவு பாடுபட்டுச் செய்த காது ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் கெட்டுப்போகும். மறுபடி முதலிலிருந்து. பெரிய ஊருக்குப் பேருந்துச் செலவு, கூலி போன நாட்கள், திரும்பத் திரும்ப அளவெடுப்பு. ஒரு காது ஒரு வருடம் கூடுதலாக உழைத்தால், மலையடிவாரத்துக் கிராமத்தில் இருப்பவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இங்கேதான் நானோ துகள் வருகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். உங்கள் விரல் நகம் ஒரு விநாடியில் ஏறக்குறைய அவ்வளவு வளர்கிறது. இந்தப் பத்தியை வாசித்து முடிப்பதற்குள் சில பத்து நானோமீட்டர் வளர்ந்திருக்கும்.

பொடி அவ்வளவு சிறிதாக இருந்தால் என்ன லாபம்? ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள சர்க்கரைக் கட்டி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு பக்கம், மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதை ஒரு மில்லிமீட்டர் கட்டிகளாக வெட்டினால் சர்க்கரை அதேதான், பரப்பு மட்டும் 60 சதுர சென்டிமீட்டராகிவிடும். 10 நானோமீட்டர் கட்டிகளாக வெட்டிக்கொண்டே போனால்? 600 சதுர மீட்டர்! எங்கள் ஊர்க் கணக்கில் கிட்டத்தட்ட 15 சென்ட் நிலம். ஒரு வாய்ச் சர்க்கரைக்குள் ஒரு வீடு கட்டித் தோட்டமும் போடுகிற அளவு பரப்பு ஒளிந்திருக்கிறது. பரப்பு கூடக் கூட, சுற்றியுள்ள சிலிகோன் மாலைகள் அந்தத் துகள்களைப் பிடித்துக்கொள்ள இடமும் கூடும்.

வாழை இலை கிழிவதைப் பார்த்திருப்பீர்கள். ஓரத்தில் சிறு கீறல் விழுந்தால் போதும், காற்றடிக்கும்போது அது நேரே நடுநரம்பு வரை ஓடும். நடுநரம்பில் முட்டியதும் நிற்கும். சிலிகோனில் கீறல் ஓடும் வழியெல்லாம் நானோ துகள்கள் சின்னச் சின்ன நடுநரம்பாக நின்றால், கீறல் முட்டும், வளையும், சுற்றிப் போகும். அதற்கு அதிக விசை வேண்டும். ஓரம் சட்டென்று கிழியாது.

இது புத்தம்புது யோசனையும் இல்லை. செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்குப் போகும் லாரிகளின் டயர் ஏன் கறுப்பு? ஆரியங்காவு தாண்டிப் புனலூர்ப் பக்கம் ரப்பர் மரத்தில் வடிகிற பால் வெள்ளையாகத்தான் இருக்கிறது. அந்த ரப்பரோடு நானோ அளவுக் கரிப்பொடியைக் கலக்கிறார்கள், அந்தக் கரிதான் டயருக்கு உழைப்பைக் கொடுக்கிறது. சிலிகோனிலும் நுண்ணிய சிலிக்காப் பொடியைத் தொழிற்சாலையிலேயே சேர்த்துவிடுகிறார்கள். அது சேராத வெறும் சிலிகோன், சேர்ந்ததன் வலுவில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. இப்போது ஆராய்ச்சியாளர்கள் கேட்பது அதற்கு அடுத்த கேள்வி: இன்னொரு பொடியை ஒரு சிட்டிகை சேர்த்தால் கிழியாமலும் இருக்குமா, வெயிலையும் தாங்குமா?

2008-இல் சீனாவையும் அமெரிக்காவையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் நான்கு பேர், முகத்துக்குப் பயன்படும் ஒரு சிலிகோனில் டைட்டானியம் ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு, சீரியம் ஆக்சைடு ஆகிய மூன்று நானோ பொடிகளைத் தனித்தனியே கலந்து சோதித்த முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு அரைப் பங்கிலிருந்து தொடங்கி, அரை அரையாகக் கூட்டி மூன்று பங்குவரை. இரண்டு, இரண்டரைப் பங்கு சேர்த்தபோது இழுவையைத் தாங்கும் வலுவும் கிழிபடாத தன்மையும் கூடின. மூன்று பங்கில்? வலு இறங்கத் தொடங்கிவிட்டது.

ஏன் என்று என் அக்காவைக் கேட்டால் அடுப்படியிலிருந்தே பதில் சொல்வாள். களி கிண்டும்போது கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால் பதமாக வரும். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும். நானோ துகள்களுக்கும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் குணம் அதிகம். கூட்டம் கூடினால் கட்டியாகிவிடும், கீறலைத் தடுக்க வைத்த துகளே கீறல் தொடங்கும் இடமாகிவிடும். நூறு கிராம் சிலிகோனுக்கு இரண்டு கிராம் நன்மை, மூன்று கிராம் தொல்லை. பொடி மூக்கில் ஏறிவிடாதபடி முகக்கவசம் போட்டுக்கொண்டு, காற்றுக் குமிழ் தங்காதபடி வெற்றிட இயந்திரத்தில் வைத்துக் கலக்க வேண்டும். இவ்வளவு சிறிய கூட்டல் கழித்தலுக்கு எத்தனை பொறுமை!

அந்தப் பொடிகளின் ஊர் எது தெரியுமா? டைட்டானியமும் சீரியமும் நமக்கு ரொம்பப் பக்கம். நாகர்கோவிலுக்கு அந்தப் பக்கம் மணவாளக்குறிச்சி கடற்கரையில் கறுப்பும் சிவப்புமாக மணல் கிடக்கும். கறுப்புக்குக் காரணமான இல்மனைட் கனிமத்தில் டைட்டானியம் இருக்கிறது. கூடவே கிடக்கும் மோனசைட் கனிமத்தில் சீரியம் இருக்கிறது, தோரியமும் உண்டு. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் இந்த மோனசைட்டைக் கண்டுபிடித்த விதம் வேடிக்கை. இங்கிருந்து கப்பலேறிப் போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் அவர் அதைப் பார்த்தார்! அந்தக் காலத்தில் அதைத் தேடியது விளக்குக்காக. கோயில் கொடையில் பெட்ரோமாக்ஸ் விளக்கைச் சுமந்து போவார்கள் என்று தாத்தா சொல்லியிருப்பார். அந்த விளக்கின் வலை மேன்டிலில் தோரியம் ஆக்சைடுதான் பெரும்பகுதி, நூற்றுக்கு ஒரு பங்கு மட்டும் சீரியம் ஆக்சைடு. அந்த ஒரு பங்குதான் பளீரென்ற வெளிச்சத்தைக் கொடுத்தது.

இனி வெயில். சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் இருக்கிறது. அது நிறப்பொருளின் மூலக்கூறுகளை உடைத்துவிடும். குற்றாலம் சித்திரசபையின் ஓவியங்கள் வெயில் எட்டாத உள்சுவர்களில் இருக்கின்றன. காதால் அப்படி உள்ளேயே இருக்க முடியாது, அது மனிதரோடு வயலுக்கும் சந்தைக்கும் போக வேண்டும். டைட்டானியம், சீரியம் ஆக்சைடுகள் புற ஊதாக் கதிரைத் தாங்களே வாங்கிக்கொள்ளும், குடை பிடிப்பது போல. அதே ஆராய்ச்சிக் குழுவினர் 2010-இல் நிறம் கலந்த சிலிகோனைச் செயற்கை வெயிலிலும் ஈரத்திலும் வைத்துப் பார்த்தார்கள். எல்லா நிறமும் கலந்த சிலிகோனில் ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு அல்லது இரண்டு, இரண்டரைப் பங்கு டைட்டானியம் ஆக்சைடு சேர்த்தபோது நிறம் மாறியது மிகக் குறைவு. ஆனால் மஞ்சள் மட்டும் ஏமாற்றிவிட்டது. எந்தப் பொடியைச் சேர்த்தாலும் மஞ்சள் நிறப்பொருள் மற்றவற்றைவிட அதிகமாக மாறியது. நம் தோல் நிறத்துக்கு மஞ்சள் இல்லாமல் முடியாதே! வெள்ளைப் பொடியை இன்னும் அள்ளிப் போட்டுச் சமாளிக்கலாம் என்றால், காது சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிடும், வெளிச்சம் உள்ளே போகாது. சிவந்து தெரிகிற அந்த அழகு போய்விடும்.

பூஞ்சைக்கு எதிராக வெள்ளி நானோ துகள்களையும் சோதித்து வருகிறார்கள். அதைத் தினமும் தோலில் வைத்திருப்பதால் தொந்தரவு வருமா என்றும் பார்த்தாக வேண்டும். அவசரப்படக் கூடாத வேலை. ஒட்டுவதற்குப் பசைக்குப் பதில் எலும்பில் சிறிய டைட்டானியம் திருகு வைத்து, காந்தத்தால் காதை மாட்டும் முறையும் இருக்கிறது. செலவு அதிகம், ஆனாலும் வேர்வையைப் பற்றிய கவலை இல்லை.

மஞ்சள் ஏன் ஏமாற்றுகிறது என்று அக்கா மகள் விடவே இல்லை. ஆராய்ச்சியில் பயன்பட்ட மஞ்சள் வேறு, நம் அடுப்படி மஞ்சள் வேறு. ஆனாலும் வெயில் நிறத்தை என்ன செய்யும் என்பதை வீட்டிலேயே பார்க்கலாம் என்றேன். நீங்களும் செய்யலாம். மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்து வெள்ளைத் துணித் துண்டு ஒன்றை நனைத்து நிழலில் காயவையுங்கள். அதன் மேல் கனத்த அட்டைத் துண்டு ஒன்றை வைத்து அசையாமல் கல் வைத்து, வெயிலில் போட்டு வையுங்கள்.

எங்களுக்கு வெயில் கிடைப்பதே பாடாகிவிட்டது. துணியை மொட்டை மாடியில் வைத்த அன்றே மேக்கரைப் பக்கமிருந்து சாரல் வந்தது, எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அடுத்த நாளும் அப்படித்தான். சாரல் முழுக்க விட்டு, வெயில் சுள்ளென்று அடித்த ஒரு வாரத்தில் மறுபடி வைத்தாள். இந்த முறை அட்டையை என்னிடம் காட்டாமல் அவளே வெட்டிக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் சாயங்காலம் என்னை மாடிக்கு இழுத்துப் போய், கல்லை எடுத்துவிட்டு அட்டையைத் தூக்கினாள். வெளிறிப்போன துணியின் நடுவில், மடிப்பு வளைவெல்லாம் சரியாக, பளிச்சென்று ஒரு மஞ்சள் காது.

"இடக்காது சித்தி," என்றாள். "வலக்காதைக் கண்ணாடியில பாத்து வரைஞ்சேன்."